காதுக்கு நானூறு வெள்ளிக் கருவி தேவையா?



கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சிறு கருவியைப் பற்றிப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டு வருகின்றனர். கைத்தொலைபேசிக்கும் ஹெட்போனுக்கும் இடையே செருகப்படுவது அது. எண்களாகப் பதிவாகியுள்ள ஒலியை மின்னலையாக மாற்றுவது அதன் முதல் வேலை. அந்த மின்னலைக்கு ஹெட்போனை இயக்கும் வலிமையைக் கொடுப்பது இரண்டாம் வேலை. முதல் வேலையைச் செய்வதை டேக் என்பர். இரண்டாவதை ஆம்ப்ளிஃபையர் என்பர். உண்மையில் இவ்விரண்டும் ஒவ்வொரு கைத்தொலைபேசிக்குள்ளும் முன்பிருந்தே இருந்தவைதாம். 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளை இல்லாமல் வெளிவந்தது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அவ்வழியே சென்றன. உள்ளே இருந்தது வெளியே வந்து தனிச் சந்தையாகிவிட்டது.

இசைப் பிரியர்கள் எதை வாங்கினால் நமக்கென்ன என்று நானும் இருந்திருப்பேன். ஆனால், அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்திற்கு வந்த விற்பனையாளர், நானூறு வெள்ளி விலையுள்ள இத்தகைய கருவியைக் காட்டி, “இதைப் பொருத்தினால் பிள்ளைகளுக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு பளிச்செனக் கேட்கும், கேட்டல் திறன் தானாக உயரும்” என்று பேசினார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தில் கேட்டல் பேச்சுத் திறன்தான் முதலில் நிற்கிறது. அதனால் அந்தப் பேச்சு எடுபட்டது. முதலில் கைத்தொலைபேசியில் நேரடியாக ஒரு பாட்டை ஒலிக்கவிட்டார். பிறகு கருவியைச் செருகி அதே பாட்டை ஒலிக்கவிட்டார். கேட்டவர்கள் தலையசைத்தனர். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தந்தையும் முன்பணம் கொடுத்தார். அந்த நானூறு வெள்ளி அவருக்கு எத்தனை நாள் உழைப்பு என்று எனக்குத் தெரியும்.

கருவி போலி என்று நான் சொல்லவில்லை. அவர் சோதித்துக் காட்டிய முறைதான் சோதனையே அன்று. இரண்டாவது முறை ஒலி சற்றுக் கூடுதலாக இருந்தது, அவ்வளவே. மனிதக் காதின் இயல்பு இது: ஒரே ஒலியைச் சற்று உரக்கக் கேட்டால் அதை ‘உரக்க’ என்று உணராமல் ‘தெளிவாக’ என்றே உணரும். கடைக்காரர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். 100 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சீரான ஒலிக்கோப்பை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும்போதே கம்பியில் உள்ள மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மலிவான மீட்டர்கள் உயர் அதிர்வெண்களில் தவறாகக் காட்டக்கூடும். அதனால்தான் 100 ஹெர்ட்ஸ் என்கிறேன். இரண்டு கருவிகளின் மின்னழுத்தமும் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்துவரும்படி ஒலியளவைச் சரிசெய்தால், வேறுபாடு 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். பிறகு, கேட்பவருக்குத் தெரியாமல் ஒருவர் காசைச் சுண்டி எந்தக் கருவி என்று முடிவுசெய்து மாற்றிக் கொடுக்க வேண்டும். பத்து முறை கேட்டு, பத்து முறையும் விடை சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தால் ஒன்பதோ பத்தோ சரியாக அமைய 1024-இல் 11 வாய்ப்புகளே உண்டு. எனவே ஒன்பது சரியென்றால் வேறுபாடு கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். ஐந்து, ஆறு என்றால் காசு சுண்டியதற்கும் கேட்டதற்கும் வித்தியாசமில்லை.

நண்பர் ஒருவரிடம் அதே விலையுள்ள கருவியை இரவல் வாங்கி, ஆப்பிள் நிறுவனம் 9 அமெரிக்க டாலர் விலையில் வெளியிட்ட சிறு இணைப்புக் கம்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பள்ளியில் உள்ள 32 ஓம் ஹெட்போன், தமிழ் வாசிப்புப் பதிவு ஒன்று. எனக்கு ஐந்து சரி. உடன் பணிபுரியும் ஆசிரியைக்கு ஆறு. அவர் வீணை பயின்றவர், காது கூர்மையானது. எனவே என் வயதைக் காரணம் காட்டித் தப்ப வழியில்லை. (அந்தக் கம்பி சில ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் ஒலியைக் குறைத்துவிடும். அதையும் வாங்கும் முன் சோதிக்க வேண்டும்.)

இத்துறையில் ஒரு வியப்பான வரலாறு உண்டு. NwAvGuy என்பதைத் தமிழில் எழுதினால் ‘என்டபிள்யூஏவிகை’ என்று வரும். அந்தப் புனைபெயரில் ஒருவர், தம் முகத்தையும் பெயரையும் காட்டாமல், 2011-ஆம் ஆண்டில் கையடக்க ஆம்ப்ளிஃபையர்களை அளவைக் கருவிகளால் சோதித்து எழுதி வந்தார். விலை உயர்ந்த சில கருவிகள் அளவீட்டில் தடுமாறியதை எண்களோடு காட்டினார். “நீயே ஒன்று செய்து காட்டு” என்று சிலர் சினந்தனர். அவரும் செய்தார். இரண்டு 9 வோல்ட் மின்கலங்களில் இயங்கும் ‘ஓ2’ என்ற ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை, யாரும் செய்துகொள்ளலாம் என்று இலவசமாகவே வெளியிட்டார். 2012-இல் எழுதுவதை நிறுத்தி மறைந்துபோனார். யாரென்று இன்றுவரை வெளிவரவில்லை. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான்: நல்ல ஆம்ப்ளிஃபையர் தன் சுவடே தெரியாமல் ஒலியைக் கடத்த வேண்டும். அப்படிக் கடத்துவது இன்று மலிவாகிவிட்டது. குறுந்தகட்டின் 16 பிட் ஒலி ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சு கொண்டது. மேற்சொன்ன 9 டாலர் கம்பியே அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. அதற்கு மேல் வரும் எண்கள் பெட்டியின் மேல் அச்சடிக்க உதவும்.

சரி, ழகரத்திற்கு வருவோம். நாவை வளைத்து ஒலிக்கும் இவ்வெழுத்தை லகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே உள்ளன. நானூறு வெள்ளிக் கருவியும் ஒன்பது டாலர் கம்பியும் 20,000 ஹெர்ட்ஸ் வரை அலுங்காமல் கடத்துபவை. எனவே பிள்ளைக்கு ‘மலை’யும் ‘மழை’யும் குழம்பினால், பழி டேக்கின் மேல் விழ நியாயமில்லை. பதிவிலோ, அறையிலோ, கேட்டுப் பழகாத செவியிலோ தேட வேண்டும். வீட்டில் யாருமே ழகரத்தை ஒலிக்காதபோது கருவி என்ன செய்யும்?

கம்பியில்லா ஹெட்போன்களில் மட்டும் ஒரு மெய்யான சிக்கல் இருக்கிறது. அதைப் பலர் அறியார். இணைய வகுப்பின்போது அதிலுள்ள ஒலிவாங்கியை இயக்கியவுடன் புளூடூத் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறிவிடலாம். பழைய கருவிகளில் அப்போது ஒலி 4000 ஹெர்ட்ஸுக்குள் வெட்டப்படும். சகரமும் ஸகரமும் மங்கும். 2020-இல் வீட்டிலிருந்து பாடம் நடந்த நாள்களில் “சார் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது” என்று பிள்ளைகள் சொன்னதில் இதற்கும் பங்குண்டு. கம்பியுள்ள ஹெட்போனோ, கணினியின் ஒலிவாங்கியோ பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

ஆம்ப்ளிஃபையர் பள்ளிக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. விற்பனையாளர் அதைச் சொல்லவே இல்லை. ஒரே துளையில் பிரிப்பான் செருகி ஐந்து மாணவர்கள் ஒன்றாகக் கேட்கும் மேசை பல பள்ளிகளில் உள்ளது. ஐந்து 32 ஓம் ஹெட்போன்கள் இணையாகச் சேரும்போது கருவியின் மேல் விழும் சுமை 6.4 ஓம் ஆகிறது. பழைய கணினியின் வெளியீட்டுத் தடை 10 ஓம் என்று கொள்வோம். ஒருவர் கேட்டபோது மின்னழுத்தத்தில் 76 விழுக்காடு ஹெட்போனுக்குச் சென்றது. ஐவர் சேர்ந்ததும் 39 விழுக்காடே செல்லும். ஒலி பாதிக்கு அருகில் குறையும். ஆசிரியர் முழு அளவுக்குத் திருப்புவார், ஒலி சிதையும், பிள்ளைகள் “கேட்கவில்லை டீச்சர்” என்பார்கள். ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கருவியின் வெளியீட்டுத் தடை இருக்கக்கூடாது என்ற விதியை ஆர்வலர்கள் கடைப்பிடிக்கின்றனர். ஒவ்வொரு ஹெட்போனுக்கும் தனி வெளியீடு உள்ள பகிர்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தருமானால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வலிமை கூடினால் ஆபத்தும் கூடும். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் வகுத்த அளவுகோலின்படி, சிறுவர்கள் 75 டெசிபெல்லில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 84 டெசிபெல்லில் வாரத்திற்கு 5 மணி நேரமே மிஞ்சும். ஆம்ப்ளிஃபையரின் திருகில் உச்ச அளவைக் குறித்து ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவது நல்லது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

முன்பணம் கொடுத்த பெற்றோர் மூவரிடம் இந்த வாரம் பேசினேன். இருவர் திரும்பப் பெற முயல்கின்றனர். மூன்றாமவர், மகன் ஆசைப்பட்டுவிட்டான் என்கிறார். பாட்டுக் கேட்கவென்றால் அது அவர் விருப்பம்.

கேட்டல் பயிற்சிக்கு ஒலிப்பதிவு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறுஞ்சுவர் வகுப்பறையில் பதிவு செய்யாதீர்கள். எதிரொலி மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். துணிகள் நிறைந்த அலமாரியின் முன், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். புலனத்தில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல் கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள்.