முதுகுவலி மீண்டும் வந்தால்: இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு முன்

சோமனூர் விசைத்தறிக் கூடங்களிலும் கோவை வார்ப்பாலைகளிலும் குனிந்து நிமிர்ந்து உழைப்போரிடையே முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை இன்று புதிதன்று. செய்துகொண்ட சில காலத்தில் வலி திரும்பினால், மறுபடியும் அறுவைதான் என்று குடும்பமே முடிவுசெய்து, நகையை அடகு வைத்தபின் மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. இப்போதைய வலி எங்கிருந்து எழுகிறது என்பதே முதலில் தெரிய வேண்டும்.

முதல் அறுவைக்குப்பின் எத்தனை நாள் வலியின்றி இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். வலி சற்றும் குறையவே இல்லையெனில், நோயறிதலையே மீண்டும் ஆராய வேண்டும். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் முதுகுவலிபோலத் தோன்றும். சில மாதங்கள் நலமாக இருந்து, திடீரெனக் கால்வரை வலி பாய்ந்தால், டிஸ்க் எனப்படும் அதே எலும்பிடை வட்டு மீண்டும் பிதுங்கியிருக்கலாம். மெல்ல மெல்லக் கூடும் வலிக்கு, நரம்பைச் சுற்றிய தழும்போ அடுத்த கணுவின் தேய்மானமோ காரணமாகலாம். சாயமருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் வட்டையும் தழும்பையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். நரம்பை அழுத்தும் வட்டை அகற்றினால் கால்வலி குறைய நல்ல வாய்ப்புண்டு. தழும்பை அகற்றினாலோ, அவ்விடத்தில் புதிய தழும்பே வளரும். மேலும், ஒருமுறை திறந்த இடத்தை மீண்டும் திறக்கையில் நரம்புறை கிழியும் ஆபத்து முன்னைவிட அதிகம்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட காரணம் புலப்படாத நாட்பட்ட கீழ்முதுகுவலிக்கு உடற்பயிற்சி, நோய் குறித்த விளக்கம், உளவியல் துணை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் இடுப்புப் பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தேவையில்லை என்கிறது. எனினும், அறுவைக்குப்பின் மருத்துவர் அணியச் சொன்ன பெல்ட்டை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நடமாட இயலாதோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். அறுவை தேவை என்று கூறப்பட்டால், பழைய படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி அனைத்துடனும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். இதனால் முதல் மருத்துவர் வருந்துவார் என எண்ண வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்குரிய சிகிச்சை அடங்குமா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். அடகுக் கடை அதன்பிறகு இருக்கட்டும். புகைப்பவர் எனில் இன்றே நிறுத்துங்கள். புகை, எலும்பு இணைவதைத் தடுக்கும்.

சிறுநீர் கழிக்க இயலாமை, மலத்தை அடக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், பாதம் திடீரெனத் தொய்தல், காய்ச்சலுடன் அறுவைத் தழும்பில் சீழ் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இந்த ஆலோசனைகளுக்கெல்லாம் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.