டபுள் ஓ ஜெயித்தது கம்பெனிப் பெயரால் அல்ல

பொம்மை ரயில் பிரியர்களிடையே பல காலமாக ஒரு தீர்ப்பு நிலவுகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஹெச்.ஓ. என்ற துல்லியமான அளவில் ரயில் ஓட்ட, பிரிட்டன் மட்டும் டபுள் ஓ என்ற பிழையான அளவைப் பிடித்துக்கொண்டது; பொம்மை ரயில் கம்பெனியான ஹார்ன்பியின் பெயரும் ஆங்கிலேயரின் பிடிவாதமுமே அதற்குக் காரணம் என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. டபுள் ஓ தன் தகுதியால்தான் நிலைத்தது.

குற்றச்சாட்டின் கணக்கு சரிதான். இரண்டு வகை ரயிலும் ஓடுவது 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில். ஹெச்.ஓ.வில் ரயில் 87-ல் ஒரு பங்கு, 1435 மி.மீ. நிஜப் பாதையும் அதே விகிதத்தில் சுருங்கி 16.5-க்கு வந்துவிடும். டபுள் ஓவில் ரயில் 76-ல் ஒரு பங்கு. அதற்குப் பாதை 18.83 மி.மீ. இருந்தாக வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது.

ஆனால் இதைக் கணக்குத் தெரியாதவர்கள் செய்த பிழை என்பது அநியாயம். பிரிட்டனின் பாதை ஐரோப்பியப் பாதையின் அகலம்தான். அதன்மேல் ஓடும் ரயில்தான் சிறியது. உலகுக்கு முந்திப் போட்ட ரயில்பாதை என்பதால் அங்கே சுரங்கங்களும் பாலங்களும் குறுகலாக அமைந்துவிட்டன. ஐரோப்பியப் பெட்டி 3.1 மீட்டர் அகலம் என்றால் பிரிட்டிஷ் பெட்டி ஏறத்தாழ 2.75 மீட்டர். அதை 87-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 32 மி.மீ.கூட வராது. அந்தக் கால மின்மோட்டாரை அப்படிப்பட்ட ஒல்லியான இன்ஜினுக்குள் திணிக்க வழியில்லை. 76-ல் ஒரு பங்காக்கினால் 36 மி.மீ. கிடைக்கும், கிட்டத்தட்ட ஐரோப்பிய ஹெச்.ஓ. பெட்டியின் அகலம். உடலைப் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டது தெரிந்தே எடுத்த முடிவு.

சரி, உடலோடு பாதையையும் அகலப்படுத்தியிருக்கலாமே என்று கேட்பார்கள். பொம்மை ரயில் சாப்பாட்டு மேசைமேல் ஓட வேண்டிய பொருள். பிற்காலத்தில் ஹார்ன்பி விற்ற மிகச் சிறிய வளைவின் ஆரம் 371 மி.மீ. நிஜ ரயில் எதுவும் அந்த விகிதத்தில் திரும்பாது. அவ்வளவு குறுகிய வளைவில் நீராவி இன்ஜினின் முன்சக்கரங்கள் பக்கவாட்டில் நன்றாக விலகும். வெளியே துருத்தும் சிலிண்டரில் இடித்துத் தடம்புரளும். குழந்தையின் கையைத் தாங்கும் பொம்மைச் சக்கரம் தடிமனாகவும் இருக்க வேண்டும். பாதையை 18.83-க்கு விரித்தால் சக்கரமும் அதை இயக்கும் தண்டுகளும் சிலிண்டரும் உடலைவிட்டு வெளியே தள்ளப்படும். குறைந்த அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது. இதைக் கவனிக்காமல் டபுள் ஓவைக் குறைசொல்பவர்கள் வரைபடத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

அடுத்தது ஹார்ன்பி திணித்தது என்ற வாதம். 16.5 மி.மீ. பாதையை ஹார்ன்பி கண்டுபிடிக்கவில்லை. நியூரம்பர்க்கின் பிங் கம்பெனி 1922-லேயே அந்த அளவில் மேசை ரயிலைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அதை விற்றவர் பாசெட்-லோக். ஹார்ன்பியின் டபுள் ஓ ரயிலான டப்ளோ 1938-ல்தான் வந்தது. சில ஆண்டுகளில் போர் அதன் உற்பத்தியை நிறுத்தியது. பிறகு 1950-ல் ரோவெக்ஸ் என்ற சிறு கம்பெனி மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காக மலிவான பிளாஸ்டிக் ரயில் செய்தது. லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி ரோவெக்ஸை வாங்கி, அந்த ரயிலை டிரையாங் என்ற பெயரில் விற்றது. டப்ளோ உலோகம், மூன்று தண்டவாளம், விலை அதிகம். டிரையாங் பிளாஸ்டிக், இரண்டு தண்டவாளம், விலை குறைவு. டப்ளோ இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது 1959-ல், காலம் கடந்துவிட்டது. 1964-ல் ஹார்ன்பியின் தாய்க் கம்பெனியான மெக்கானோவை லைன்ஸ் பிரதர்ஸே வாங்கிவிட்டது. அந்த லைன்ஸ் பிரதர்ஸும் 1971-ல் சரிந்தது. கம்பெனிகள் விழுந்தன, அளவு நின்றது. பின்னால் வந்த ஏர்ஃபிக்ஸ், மெயின்லைன், பாக்மன் எல்லாம் டபுள் ஓவையே எடுத்துக்கொண்டன. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் தண்டவாளத்தில் புது இன்ஜினும் ஓட வேண்டும் என்று வாங்குபவர்கள் விரும்பினார்கள்.

பெரிய கம்பெனியின் பலம்தான் அளவைத் தீர்மானிக்கும் என்றால், அதே டிரையாங் 1957-ல் இறக்கிய 12 மி.மீ. டி.டி. ரயில் செழித்திருக்க வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் அது அடங்கிவிட்டது.

ஹெச்.ஓ.வுக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பதும் உண்மையல்ல. பிளேகிராஃப்ட் 1960-களிலும் லீமா 1970-களிலும் பிரிட்டிஷ் ரயிலை ஹெச்.ஓ.வில் விற்றுப் பார்த்தன. டபுள் ஓ ரயிலோடு சேர்த்து நிறுத்தினால் அவை குட்டையாகத் தெரிந்தன. லீமா சில ஆண்டுகளிலேயே டபுள் ஓவுக்கு மாறிவிட்டது.

கண்ணுக்கு உறுத்துகிறது என்ற புகாரில் மட்டும் நியாயம் உண்டு. இன்ஜினை நேர் முன்னாலிருந்து பார்த்தால் கால்கள் ஒடுங்கித்தான் தெரியும். ஆனால் அந்த உறுத்தலில் பெரும்பங்கு ஸ்லீப்பர் கட்டைகளுடையது. பல ஆண்டுகளாக எல்லோரும் வாங்கிய பீக்கோ தண்டவாளத்தில் கட்டைகள் ஹெச்.ஓ. விகிதத்தில் நீளம் குறைந்தும் நெருக்கமாகவும் இருந்தன. கட்டைகளைச் சரியான நீளத்தில் விலக்கிப் போட்டாலே பாதை பாதி திருந்திவிடும். துல்லியம் வேண்டுவோருக்கு இ.எம்., பி4 என்ற அகலப் பாதைகளும் இருக்கின்றன. அவர்களும் பெரும்பாலும் கடையில் டபுள் ஓ இன்ஜினை வாங்கி, சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.

மோட்டார்கள் சிறுத்துவிட்ட இன்று, எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு வேறு பதில் சொல்லலாம். ஹார்ன்பி என்ற பெயரில் இன்று இயங்கும் கம்பெனியே 2022-ல் 120-ல் ஒரு பங்கு ரயிலை 12 மி.மீ. பாதையில் கொண்டுவந்தது, அங்கே ரயிலின் கணக்கும் பாதையின் கணக்கும் பொருந்துகின்றன. 1938-ல் அவ்வளவு சிறிய மோட்டார் யாரிடமும் இல்லை.