வாலைப் பார்த்து எழுதிய தீர்ப்பு

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட இறைச்சி சென்னை எழும்பூரில் பறிமுதலானது. வால் நீளமாக இருந்ததால் நாய்க்கறி என்ற பேச்சு கிளம்பி ஊரெங்கும் பரவியது. பிரியாணிக் கடைகளில் வியாபாரம் சரிந்தது. சில நாள் கழித்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது: ஆட்டிறைச்சிதான். ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளுக்கு வால் நீளம் என்பதே அதன் பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது.

கறி எந்த விலங்கினுடையது என்று சொல்லும் டிஎன்ஏ சோதனை ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும். நேர்மையான கடைக்காரரைக் காப்பாற்றவும் செய்யும். மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் வளரும், கோழிப் பண்ணைகளால் பிழைக்கும் சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு இந்த இரண்டாவது பயன் மிக முக்கியம். ஒரு வதந்தி போதும், வாரச்சந்தையில் ஆட்டின் விலை விழுந்துவிடும்.

கொத்துக்கறியாகவோ குழம்பிலோ போன பிறகு எந்த விலங்கின் கறி என்று கண்ணால் சொல்வது கடினம். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. வேகவைத்தால் அது துண்டுபட்டாலும் சிறு துண்டுகள் மிஞ்சும். பிசிஆர் முறையில் அவற்றைப் பெருக்கி இனத்தைக் கண்டுபிடிக்கலாம். ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் குழுவினர் இந்த வழியில்தான் வேட்டையாடப்பட்ட வனவிலங்குகளை அடையாளம் காணும் முறையை உருவாக்கினர். அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013 ஜனவரியில் வெளியிட்ட முடிவு ஐரோப்பாவையே உலுக்கியது. சோதித்த 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 10-இல் குதிரையின் டிஎன்ஏ; அவற்றில் ஒன்றில் குதிரைக்கறியின் பங்கு 29 சதவீதம்.

இந்த நுட்பமே சில நேரம் வம்பாகவும் முடியும். இரண்டு வகைக் கறியை ஒரே கட்டையில் வெட்டினால் அந்த ஒட்டுதலும் சோதனையில் தெரியும். ஆகவே 'இருக்கிறது' என்ற முடிவு போதாது, எவ்வளவு என்பதும் வேண்டும். பிரிட்டன் இதற்காகவே ஒரு சதவீதம் என்ற வரம்பை வைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய ஆபத்தை டிஎன்ஏ சோதனை சொல்லாது. கோழிக்கறி கெட்டுப்போயிருந்தாலும் அதன் டிஎன்ஏ கோழி என்றே காட்டும். கிருமிச் சோதனைக்கு இது மாற்றே அல்ல.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதிக்க வழிசெய்கிறது. விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அப்படி ஓர் உரிமை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம் உண்டு. வதந்தி பரவ ஒரு பொழுது போதும்.

சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தலைவாசலிலும் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் எழுந்துள்ளது. கறியின் இனம் அறியும் சோதனையை இம்மூன்றில் ஒன்றிலாவது, சாதாரணக் கடைக்காரரும் வீட்டுக்காரரும் கட்டக்கூடிய கட்டணத்தில், இரண்டு மூன்று நாளில் முடிவு கிடைக்கும்படி நடத்த வேண்டும். முடிவு வரும்வரை எந்த அதிகாரியும் கடையின் பெயரையோ, 'இது இன்ன கறி' என்ற ஊகத்தையோ வெளியிடக் கூடாது என்ற விதியும் கூடவே வர வேண்டும்.