வாரிசுக்குத் தறியா வந்தது?

சென்ற கிழமை மாணாக்கரின் மொழிபெயர்ப்புப் பயிற்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். ‘எயர்லூம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு மாணவன் ‘வாரிசின் தறி’ என எழுதியிருந்தான். பிழையெனக் கீறப் போன நமது கை சற்றே தயங்கிற்று. ‘எயர்’ என்றால் வாரிசு. ‘லூம்’ என்றால் தறி. பிள்ளை அகராதியைப் பார்த்தே எழுதியிருக்கிறான். அப்படியாயின் பிழை எங்கே?

‘எயர்’ என்பது இலத்தீனிற் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்த சொல். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றதன் பயனாகப் பிரெஞ்சு அங்கே சட்டமொழியாயிற்று. சொத்துரிமைச் சொற்கள் பல அவ்வழி வந்தவையே. ‘லூம்’ அவ்வாறன்று, அது பழைய ஆங்கிலச் சொல். கருவி, தட்டுமுட்டு என்பனவே அதன் முதற்பொருள். பிற்காலத்தில் நெய்வோர் கருவிக்கு மாத்திரம் அப்பெயர் நிலைத்துவிட்டது. கூட்டுச்சொல்லிலோ பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய சட்டப்படி நிலம் பொதுவாக மூத்த மகனைச் சேரும். அசையும் பொருள்கள் மரணசாதனத்தை நிறைவேற்றுவோர் கைக்குப் போகும். ஆயினும் சில இடங்களின் வழக்கப்படி நல்ல கட்டில், மேசை, பானை, வண்டி முதலியன வீட்டோடு சேர்ந்து வாரிசுக்கே உரியனவாயின. இவையே ‘எயர்லூம்’. உடையவர் தம் வாழ்நாளில் அவற்றை விற்கலாம். மரணசாதனத்தாற் பிறருக்கு எழுதிவைத்தல் இயலாது.

1766இல் சட்டமேதை பிளாக்ஸ்ரன், ‘லூம்’ என்பதற்கு அவயவம் என்று பொருள் கூறினார். அழகிய விளக்கம், ஆயினும் பிழையானது. மேதையே வழுக்கிய இடத்தில் மாணவன் வழுக்கியது பெருங் குற்றமாகுமா?

இன்று அச்சொல்லைக் கேட்டால் நகையும் வெள்ளித் தட்டுமே பலர் நினைவுக்கு வரும். சொல்லின் வேரோ பானையையும் கருவியையும் காட்டுகிறது. நம் அன்னையார் மறைந்தபின் நகைகள் சகோதரியருக்குப் பங்காயின. எவரும் கேளாத தேங்காய்த் துருவலை நம் வீட்டுக்கு வந்தது. அதனை அடுக்களை மூலையிற் போட்டு மறந்திருந்தோம். அன்றிரவு எடுத்துத் துடைத்தோம். அன்னையார் நாள்தோறும் அமர்ந்த பலகை இன்னும் வழவழவென்றிருந்தது.

மறுநாள் மாணவனுக்கு அரைப் புள்ளி இட்டு, ‘தறி’ என்பதைக் கீறி, ‘முதுசப் பொருள்’ எனத் திருத்தினோம். மற்ற அரைப் புள்ளியை அவன் இழந்தான். நாம் ஒன்றைப் பெற்றோம்.