தள்ளாடுகிறவர் எல்லாம் குடித்தவர் அல்ல!

பல வருஷம் குடித்தவர். குடியை விட்டு ஒரு மாதம் ஆகிறது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள் காலையில் எழுந்து நடக்கும்போது தள்ளாடுகிறார். நாக்குக் குழறுகிறது.

"மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா?" என்று வீடே அவர் மேல் பாய்கிறது.

அவர் குடிக்கவில்லை. மாத்திரைதான் அவரைத் தள்ளாட வைக்கிறது! இப்படியும் நடக்குமா? நடக்கும்.

வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பெனிடாயின் என்று ஒன்று உண்டு. அது வலிப்பை அடக்கும் என்பதை 1938-ல் அமெரிக்க டாக்டர்கள் மெரிட், புட்னம் ஆகிய இருவரும் எடுத்துக் காட்டினார்கள். இன்றும் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் ஆளை ஆட்டிவிடும்.

பஸ்சும் பயணிகளும்

நம் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. இதை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெனிடாயின் ரத்தத்தில் கலந்ததும், 100 பங்கில் சுமார் 90 பங்கு இந்த பஸ்சில் ஏறி உட்கார்ந்துவிடும். 10 பங்குதான் இறங்கி நடக்கும். மூளைக்குப் போய் வலிப்பை அடக்குவது அந்த 10 பங்குதான். உட்கார்ந்திருப்பது வேலை செய்யாது.

பஸ்சில் இடம் குறைந்து 80 பங்குதான் ஏற முடிந்தது என்றால்? நடப்பது 20 பங்கு. அதாவது இரண்டு மடங்கு!

ஆல்புமினைத் தயாரிப்பது ஈரல். வருஷக்கணக்கில் குடித்து ஈரல் சுருங்கிப்போனவருக்கு ஆல்புமின் குறைந்துவிடும். நல்ல ஈரலாக இருந்தால், கூடுதலாக இறங்கிய மருந்தைச் சிதைத்து வெளியே தள்ளிவிடும். கெட்ட ஈரலுக்கு அந்தத் தெம்பும் இல்லை. ஆகவே மருந்து ரத்தத்தில் தேங்குகிறது. கால் தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது, கண் விழி தானாக ஆடுகிறது.

"இன்று குடிக்கவில்லையே, மாத்திரை போடலாமே" என்கிறார்கள். இன்றைய கணக்கு மட்டும் போதாது. போன வருஷங்களின் கணக்கும் சேர்ந்துதான் ஈரலில் நிற்கிறது.

பெனிடாயினுக்கு மட்டும் அல்ல இந்தத் தொல்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின், 100-க்கு 99 பங்கு இப்படி ஒட்டிக்கொள்ளும் மருந்து.

சோதனையும் ஏமாற்றும்!

ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று சோதித்தால் தெரியாதா? சாதாரணச் சோதனை, பஸ்சில் இருப்பதையும் நடப்பதையும் ஒன்றாகக் கூட்டித்தான் சொல்லும். கூட்டுத்தொகை சரியாக இருக்கும். சில சமயம் குறைவாகக்கூட இருக்கும். ஆல்புமின் குறைந்தது தெரியாத டாக்டர், "மருந்து போதவில்லை" என்று அளவைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்?

டாக்டருக்கு அது ஏன் தெரியாமல் போகிறது? நாம் சொல்லாததால்!

"குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்கிறார். "அந்தப் பழக்கமே இல்லீங்க" என்று மனைவி முந்திக்கொண்டு சொல்கிறார். புருஷன் மானத்தைக் காப்பாற்ற நினைக்கிறார், பாவம்! ஆனால் அந்த ஒரு பொய்யால் மருந்தின் அளவே தப்பாகிவிடும். ஊராரிடம் மறையுங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். எத்தனை வருஷம், தினம் எவ்வளவு, எப்போது விட்டார் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்துப் பேர் நிற்கும் இடத்தில் "குடிகாரனா நீ?" என்று அதட்டினால் எவர் உண்மை சொல்வார்? தனியே அழைத்துக் கேளுங்கள்.

தள்ளாட்டம் கண்டால், மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரக்கூடும். ஈரல் கோளாறே தள்ளாட்டத்துக்குக் காரணமாகவும் இருக்கலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டோடு அன்றைக்கே போங்கள். "ஆல்புமின் எவ்வளவு இருக்கிறது?" என்று கேளுங்கள். 100 மில்லி ரத்த நீரில் மூன்றரை முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டும்.