பிரிந்த பின்னும் பிரியாத கணக்கு

மேற்கு வங்க அரசு 2021-இல் தொடங்கிய லக்ஷ்மீர் பண்டார் திட்டம், 25 முதல் 60 வயது வரையிலான பெண்களுக்கு மாதாந்திர உதவித்தொகையை அறிவித்தது. 2024-இல் அத்தொகை பொதுப்பிரிவினருக்கு 1000 ரூபாயாகவும், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 1200 ரூபாயாகவும் உயர்ந்தது. பணம் பெண்ணின் தனிக் கணக்கில் சேர வேண்டும்; கூட்டுக் கணக்கு ஏற்கப்படாது என்பது விதி.

விதியின் நோக்கம் நேர்மையானது. இருவரில் எவரும் இயக்கத்தக்க கணக்கில் மனைவிக்கு வந்த தொகையைக் கணவர் தனியாகவே எடுத்துவிட இயலும்.

ஆயினும், விவாகரத்தின்றிப் பிரிந்து கொல்கத்தாவில் வாழும் பெண்ணுக்கு அவ்விதியே தடையாகக்கூடும். கூட்டுக் கணக்கிலிருந்து ஒரு பெயரை நீக்க வங்கிகள் இருவரின் ஒப்புதலையும் கோருகின்றன. இருப்புத்தொகையின்றி ஜன்தன் கணக்குத் தொடங்கலாம். எனினும் ஆதார்வழி அனுப்பப்படும் எந்த உதவியும், இறுதியாக ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கையே சென்றடையும். இணைப்பை மாற்றாதவரை புதிய கணக்கால் பயனில்லை.

தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை குடும்ப அட்டையை அலகாகக் கொண்டது. அங்கே இதே சிக்கல் அட்டையின் வடிவில் எழுகிறது.

எனவே விண்ணப்ப முகாமிலேயே தனிக் கணக்கும் ஆதார் இணைப்பு மாற்றமும் முடித்துத் தரப்பட வேண்டும். உரிமையைப் பெண்ணின் பெயரில் எழுதி, அதன் திறவுகோலைக் கணவரின் கையெழுத்தில் வைத்தல் நலத்திட்டமாகாது.