வாசித்தவர் எழுதிவைத்தல் வேண்டும்

நூல்களைப் போற்றுவோர் அருகிவிட்டனர் என்னும் முறையீடு எங்கும் கேட்கிறது. அதனை நான் முற்றாக ஒப்புக்கொள்வதில்லை. நிந்தவூரில் நூல்களைத் தேடி வாசிப்போர் இன்றும் உளர். வாசித்ததைப் பற்றி அவர்கள் நன்றாகப் பேசவும் செய்கின்றனர். நான்கு வரி எழுதிவைக்கத்தான் கை நீள்வதில்லை. நூலின் அட்டையைப் படம்பிடித்து நண்பர்க்கு அனுப்பியதும் கடமை முடிந்ததென்று கருதுவோரும் உண்டு. இதனால் நாம் இழப்பது சிறிதன்று என்பதே என் கருத்து.

தமிழில் நூல்கள் பிழைத்த வரலாற்றை நோக்குக. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைத்தில. அவற்றின் செய்யுள்கள் சிலவேனும் நம் கையில் உள்ளனவெனில், அவற்றை வாசித்த உரையாசிரியரும் தொகுப்பாசிரியரும் தத்தம் ஏடுகளில் எடுத்தெழுதியமையே காரணம். இசைநுணுக்கம், இந்திரகாளியம் முதலிய இசைநூல்களின் பெயர்களைச் சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் குறித்துவைத்தார். உரையாசிரியர் என்று பெரும்பெயர் சூட்டுகிறோம். அவர்கள் முதலில் வாசகர்கள் அல்லரோ?

இதற்கு எம் அயலூரே ஒரு பெருஞ்சான்று. நிந்தவூருக்கு வடக்கே அடுத்துள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையையும் பல்லாண்டு ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்டெடுத்தார். 1947 யூனில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு வாசகர் எழுதிய உரை இந்த வாசகரின் கைக்கு வந்து சேராதிருந்தால், அந்நூல் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

"அவர்களெல்லாம் பேரறிஞர், நாம் எழுதி யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பர். திறனாய்வு எழுதுமாறு நான் கேட்கவில்லை. (திறனாய்வாளர் மிகுந்து வாசகர் அருகிய ஊர்களும் உள, அது வேறு கதை.) பொருநராற்றுப்படையில் 'சூடு' என்றொரு சொல் வருகிறது. அரிந்த நெற்கதிரின் குவியலை அது குறிக்கும். நகரத்து மாணவர் அகராதியைப் புரட்டியே அதனை அறிவர். எங்கள் வட்டைகளில் வேளாண்மை செய்தோருக்கோ அது வீட்டுச் சொல். சூடு வைத்தலும் சூடடித்தலும் அவர்தம் தொழில். அறுவடை இயந்திரம் வயலுக்குள் வந்தபின் அத்தொழில் அருகிவருகிறது. சொல்லும் அதன்பின்னே போகும். செய்யுளையும் வயலையும் ஒருங்கே அறிந்த நிந்தவூர் வாசகர் ஒருவர் இவ்வொற்றுமையைக் குறித்துவைப்பாராயின், பேராசிரியர் பலர் தரமுடியாத ஒன்றைத் தந்தவராவார்.

நிற்க. நூல்கள் அழியக்கூடியவை என்பதை இந்நாட்டவர்க்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் அக்கொடுமையைப் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையாக்கினார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எங்கள் கரையை அடித்தது. மனிதரை இழந்து நின்ற வேளையில் அலுமாரி நூல்களை எண்ணிப்பார்க்க எவர்க்கு மனம் வந்திருக்கும்? எந்தெந்த நூல்கள் போயின என்று எழுதிவைத்தவர் எவரையும் நான் அறியேன். 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகத்தார் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவருகின்றனர். பாராட்டத்தக்க பணி. ஆயினும் அச்சேறிய நூலையே அவர்கள் காக்கலாம். அதனை இக்கரையில் எவர் எவ்வாறு வாசித்தார் என்பதை நாம் எழுதினாலன்றி எவராலும் காக்கவியலாது.

ஆதலின் யூபிலி கொண்டாடும் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். விழா நினைவாகக் கட்டடமும் கல்வெட்டும் எழுப்புவது வழக்கம், எழுப்புக. அதனோடு கல்லூரி நூல்நிலையத்தில் தடித்த அட்டையிட்ட குறிப்பேடொன்றையும் வைத்திடுக. நூலைத் திருப்பிக் கொடுக்கும் மாணவர் நூலின் பெயர், வாசித்த நாள், விளங்காத சொல், தம் ஊர் வழக்கோடு ஒத்த சொல், மனத்துக்குப் பிடிக்காத இடம் ஆகியவற்றை அதில் எழுதட்டும். புள்ளி வழங்குதல் வேண்டாம்; ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தவும் வேண்டாம். ஊருக்கு வரும் பழைய மாணவரும் எழுதலாம். முதற் குறிப்பேட்டின் விலையை நானே தருகிறேன்.